கிரபிக் டிசைன் படிக்க எங்கே போவது: பக்கத்து ட்ரெயினிங் சென்டரா, கொழும்பு டிப்ளோமாவா, அச்சகமா, யூடியூப்பா?

ஏ.எல். ரிசல்ட் வந்து இரண்டு வாரத்துக்குள் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். இந்த முறை கேட்டவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர். சித்திரம் எடுத்துப் பாஸ் பண்ணியிருக்கிறார். போனில் விரலால் வரைந்த நாலு படம் அனுப்பியிருந்தார், நன்றாகவே இருந்தன. அம்மா கொழுந்து பறிக்கிறார், அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். "அண்ணே, ஹட்டன்ல சேரவா, கொழும்புக்குப் போகவா, இல்ல வீட்டுலயே யூடியூப் பார்த்துப் படிச்சா போதுமா? அமெரிக்காவுல இருக்கிற மாமா கொமியூனிட்டி கொலேஜ்னு ஒண்ணு சொல்றாரு, அது மாதிரி இங்க இல்லையா?"

மாமாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கொமியூனிட்டி கொலேஜ் என்றால் வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில், பல்கலைக்கழகத்தை விடக் குறைந்த கட்டணத்தில், இரண்டு வருடம் படிக்கிற இடம். பிறகு விரும்பினால் அந்தப் படிப்பைக் கணக்கில் வைத்து நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். இங்கே அந்தப் பெயரில் தேட வேண்டாம். கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் நமது அரச தொழிற்பயிற்சி நிலையங்களும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் செய்கின்றன. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்றகைமையில் ஏழு மட்டங்கள். 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். 4 முடித்தவர் 5க்கு ஏறலாம். அதற்கு மேலே போக, 2008இல் சட்டம் போட்டு அமைத்த யுனிவொடெக் என்கிற தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது. ஆக ஏணி இருக்கிறது, அதைப் பற்றி ஸ்கூலில் யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

## எதை வைத்து எடை போடுவது

எனக்கு முதல் அளவுகோல் ஒன்றுதான்: உங்கள் வேலையைப் பார்த்துப் பிழை சொல்ல அங்கே ஆள் இருக்கிறாரா? கட்டணம், ஏசி ரூம், சான்றிதழில் இருக்கிற தங்க முத்திரை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஏன் என்று சொல்கிறேன். நான் அச்சகத்தில் சேர்ந்த புதிதில் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்று செய்தேன். பழைய போட்டோசொப்பில் யூனிகோட் தமிழை அப்படியே ஒட்டினால் 'கொடியேற்றம்' என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். என் கண்ணில் அது படவே இல்லை, நான் கோபுரத்துக்குப் பின்னால் வெளிச்சம் போடுவதில் மூழ்கியிருந்தேன். ஐந்நூறு பிரதி அடித்து வந்த பிறகு கடை அண்ணன் ஒன்றைக் கையில் எடுத்து, ஒன்றும் பேசாமல் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அந்தப் பக்கத்தில் இடம் மாறி நின்ற கொம்புகளை எண்ணி முடித்திருந்தேன், பதினொன்று. புதிய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்புத் தெரிவை மாற்றினால் இது சரியாகிவிடும், யூடியூப்பில் அதற்கு வீடியோவும் இருக்கும். ஆனால் பிழை என்று தெரிந்தால்தானே தேடுவீர்கள்?

இரண்டாவது, முழுச் செலவு. கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்து நடுவில் நிற்கிறவர்கள்தான் அதிகம். பஸ், போர்டிங், சாப்பாடு, டேட்டா, லெப்டொப் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350. எந்தச் செலவையும் 'அம்மாவுக்கு எத்தனை பேர்', அதாவது எத்தனை நாள் வேலை, என்று மாற்றிப் பாருங்கள், கணக்கு உடனே விளங்கும். அதோடு, நீங்கள் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குப் பணம் கொடுக்காத மாதங்களும் செலவுதான்.

மூன்றாவது மொழி: பாடம் எந்த மொழியில், கேள்வி கேட்டால் பதில் எந்த மொழியில். நான்காவது, கடைசியில் கையில் என்ன இருக்கும், சான்றிதழா, காட்டக்கூடிய வேலைகளா, இரண்டுமா. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, அதை நீங்கள் கேளுங்கள்: உங்கள் வீட்டு நிலைமையில் அதை முடிக்க முடியுமா?

## 1. ஊருக்குப் பக்கத்து அரச பயிற்சி நிலையம்

வி.டி.ஏ. என்கிற தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா என்கிற தேசிய பயிலுநர் பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரிகள் எல்லாம் இந்த வகைக்குள் வரும். மலையகத்துக்கு எட்டக்கூடிய பெரிய தொழில்நுட்பக் கல்லூரிகள் கண்டியிலும் பதுளையிலும் இருக்கின்றன. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. எந்த இடத்தில் எந்த வருடம் கிரபிக் டிசைன் பாடநெறி ஓடுகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் போனில் கேட்டதை நம்பாமல் ஒரு நாள் நேரில் போங்கள்.

நல்ல பக்கம் தெளிவு. கட்டணம் இல்லை, அல்லது குறைவு. என்.வி.கியூ. மட்டம் 4 என்றால் அரச வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் காட்டக்கூடிய காகிதம். வீட்டிலிருந்து போய்வரலாம். பொம்பளப் பிள்ளையைத் தனியாகக் கொழும்புக்கு அனுப்ப யோசிக்கிற வீடுகளில் பேச்சை முடித்துவைப்பது பல நேரம் இந்தக் கடைசிக் காரணம்தான். அது சரியா பிழையா என்று இங்கே வாதாட வரவில்லை, நிலைமை அப்படி.

மறைந்திருக்கிற செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வகுப்பில் கம்பியூட்டர் இருக்கும், வீட்டில் இருக்காது. வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் மௌஸைப் பிடித்தால் கை பழகாது, ஆகவே கொஞ்ச நாளில் ஒரு பழைய லெப்டொப்பாவது தேவைப்படும், 8 ஜிபி ரேம் இருந்தால் சமாளிக்கலாம். அடுத்தது மொழி. தமிழ் மொழி மூலம் என்று அறிவித்தலில் போட்டிருந்த ஓர் இடத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். போதனாசிரியர் சிங்களத்தில் சொல்ல, முன் வரிசைப் பிள்ளை ஒன்று பின் வரிசைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது. சிங்களம் நன்றாக விளங்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, விளங்காதவர்கள் இரண்டாம் மாதமே நின்றுவிடுவார்கள். பாடத்திட்டம் சில இடங்களில் பழசு. இறுதி மதிப்பீட்டுக்குப் பிறகு சான்றிதழ் கைக்கு வர மாதக் கணக்கும் ஆகலாம்.

ஆனால் இந்த வழியில் ஒரு நல்ல சமாச்சாரம் இருக்கிறது, நம்ம ஆட்கள் அதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். இந்தப் பாடநெறிகளின் கடைசிப் பகுதி பெரும்பாலும் வேலைத்தளப் பயிற்சி. 'வீட்டுக்குப் பக்கம்' என்று போட்டோக்கொப்பிக் கடையைத் தேர்ந்தெடுத்துச் சில மாதங்களை லெமினேட் பண்ணியே ஓட்டிவிடாதீர்கள். கண்டியிலோ கொழும்பிலோ நல்ல அச்சகம், விளம்பர நிறுவனம் என்று சேருகிற அன்றிலிருந்தே தேடத் தொடங்குங்கள், அந்தச் சில மாதப் போர்டிங் செலவு வீண்போகாது.

யாருக்கு: கையில் பணம் குறைவு, சான்றிதழ் வேண்டும், வீட்டை விட்டுத் தூரம் போக முடியாது என்கிறவர்களுக்கு. தொடக்கத்துக்கு இதுதான் என் முதல் தெரிவு.

## 2. கொழும்பில் தனியார் டிப்ளோமா

போய்ப் பார்த்தால் மயங்கித்தான் போவீர்கள். பெரிய திரைகள், கண்ணாடிக் கதவு, சுவரில் மாணவர் படைப்புகள். வரவேற்பில் இருக்கிறவர் மாதத் தவணையை மட்டும் சொல்வார், மொத்தத்தைச் சொல்ல மாட்டார். எழுதி வாங்குங்கள்: பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், பெயிலானால் மறுபடி எழுதுகிற கட்டணம். வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால் ஒரு பகுதியைப் பவுணில் கட்டச் சொல்வார்கள். 2022இல் டொலர் இரண்டே மாதத்தில் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டிப் போனதே, பவுணும் கூடவே ஏறியதே, அப்போது பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நகையை அடகு வைத்துச் சேர்ந்து, வட்டி கட்ட வழியில்லாமல் புடவைக் கடையில் நிற்கிற ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

போர்டிங்கும் சாப்பாடும் கட்டணத்தைத் தின்றுவிடும். ஹட்டனுக்கும் கொழும்புக்கும் ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேலே, தீபாவளி தைப்பொங்கலுக்கு வந்துபோவதே ஒரு செலவு.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் சரிபாருங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி, நீங்கள் சேரப்போகிற அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதைச் சுவரில் மாட்டிவைத்து இரண்டாவதைப் பற்றிப் பேசாமல் விடுகிற இடங்கள் உண்டு.

இருந்தாலும் காசு வீண் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். நல்ல இடமாக இருந்தால் அங்கே பாடம் நடத்துகிறவர் பகலில் விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறவராக இருப்பார். உங்கள் வேலையை வகுப்பு முன்னால் வைத்து 'இந்த எழுத்து ஏன் இவ்வளவு பெரிசு, இதை யார் வாசிக்கப் போறாங்க' என்று கிழித்துப்போடுவார். கூடப் படிக்கிறவர்களே பிறகு வேலை வாங்கித் தருவார்கள். மலைநாட்டில் இருந்துகொண்டு அந்தத் தொடர்புகளைச் சம்பாதிப்பது கஷ்டம்.

யாருக்கு: ஏற்கெனவே ஓரளவு வேலை தெரிந்து, விளம்பர நிறுவனம் அல்லது செயலி வடிவமைப்புப் பக்கம் போகத் தீர்மானித்து, கடன் வாங்காமல் கட்ட முடிந்தவர்களுக்கு. ஏ.எல். முடித்த கையோடு, போட்டோசொப்பைத் திறந்தே பார்க்காமல் போக வேண்டாம்.

## 3. அச்சகத்தில் வேலை பழகுவது

நான் வந்த வழி இது. அதனால் கொஞ்சம் பாசம் இருக்கும், கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

அச்சகத்தில் முதல் நாளே உண்மையான வேலை கைக்கு வரும். மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், டியூஷன் போஸ்டர், கண்ணீர் அஞ்சலி பெனர். அஞ்சலி பெனர் இரவு பத்து மணிக்கு வரும், காலை ஆறு மணிக்குக் கட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பி 'ஆறடிக்குப் போட்டுருங்க' என்பார்கள். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்புகிற படத்தின் நீளப் பக்கத்தை 1,600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். அழைப்பிதழுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், அந்தக் கணக்கில் அந்தப் படம் ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் காணும். தூரத்தில் நின்று பார்க்கிற பெனருக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால் சமாளிக்கலாம், ஆனால் எவ்வளவு சமாளிக்கலாம் என்பது மெஷினில் அடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். திரையில் பளிச்சென்று தெரிந்த பச்சை காகிதத்தில் ஏன் மங்கிப்போகிறது, வெட்டுகிறபோது எழுத்துப் போகாமல் இருக்க ஓரத்தில் ஏன் 3 மில்லிமீட்டர் விட வேண்டும், பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை எப்படி யூனிகோடுக்கு மாற்றுவது, இதையெல்லாம் எந்த டிப்ளோமாவை விடவும் இங்கே சீக்கிரம் படிப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் பிழை பிடிக்க ஆளும் இருக்கிறார், வாடிக்கையாளர்.

இனி மறுபக்கம். சம்பளம் முதல் வருடத்தில் கைச்செலவுக்குத்தான். கடை கூட்டுவதும் டெலிவரி போவதும் உங்கள் தலையில்தான் விழும். பலர் கோரல் டிரோ என்கிற டிசைன் மென்பொருளிலேயே இருபது வருடமாக அதே பூ, அதே மயில், அதே தங்கநிறச் சட்டத்தோடு ஓட்டுகிறார்கள், அந்தக் கையே உங்களுக்கும் வந்துவிடும் ஆபத்து உண்டு. சான்றிதழும் கிடையாது, ஆனால் இதற்கு வழி இருக்கிறது. ஆர்.பி.எல். என்று கேளுங்கள். வேலையில் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. கொடுக்கிற முறை அது, நைட்டாவில் விசாரிக்கலாம். செய்த வேலைகளைத் திகதியோடு ஒரு பைலில் போட்டு வைத்திருப்பவருக்கு அது இலேசு.

யாருக்கு: உடனே கொஞ்சமாவது உழைக்க வேண்டியவர்களுக்கு, புத்தகத்தை விடக் கையால் படிக்கிறவர்களுக்கு.

## 4. வீட்டிலிருந்து, யூடியூப்பில்

இலவசம் என்று சொல்வதை நிறுத்துவோம். டேட்டாவுக்குக் காசு, லெப்டொப்புக்குக் காசு, இடி மின்னலில் கரண்ட் வந்துபோகிற இடத்தில் யூபிஎஸ்ஸுக்குக் காசு. கொரோனா காலத்தில் சிக்னல் தேடி மேட்டில் ஏறிப் படித்த பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. லயக் காம்பராவில் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் உங்கள் வகுப்பு தொடங்கும்.

மென்பொருளுக்குப் பயப்பட வேண்டாம். போட்டோசொப்பைச் செய்கிற அடொபி 2013 முதல் மாதச் சந்தாவுக்கு மாறிவிட்டது, அதுவும் டொலர் கணக்கு. கிராக் போட்ட பதிப்பில் பழகுவது ஊர் வழக்கம் என்று எனக்கும் தெரியும், வைரஸ் வந்து வாடிக்கையாளர் கோப்பெல்லாம் போனதும் தெரியும். ஜிம்ப், இங்க்ஸ்கேப், கிரீட்டா மூன்றும் இலவசம். பிரவுசரிலேயே ஓடுகிற போட்டோபியா கிட்டத்தட்ட போட்டோசொப் மாதிரியே இருக்கும், பலவீனமான கம்பியூட்டரிலும் சமாளிக்கும்.

டிஜிட்டல் ஓவியம்தான் குறி, அதாவது பாத்திரங்கள், கதைப்படம், புத்தக ஓவியம் என்றால் இந்த வழியைத் தவிர்க்க முடியாது. பயிற்சி நிலையத்தில் அதற்கெனப் பெரிதாக ஒன்றும் சொல்லித்தர மாட்டார்கள். கிரீட்டாவும் சின்னப் பேனா டெப்லெட்டும் போதும், ஆனால் அதற்கு முன்னால் பென்சிலும் சி.ஆர். கொப்பியும். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஆட்களின் நிற்கிற விதத்தை வரையுங்கள். கை பழகாமல் டெப்லெட் வாங்கினால் அழகாகப் பிழை விடுவீர்கள், அவ்வளவுதான்.

வெளிநாட்டு வேலை எடுத்துச் செய்யலாம் என்பவர்களுக்கு ஒரு சொல்: பைவர், அப்வர்க் என்கிற இணைய வேலைத் தளங்கள் எல்லாம் உண்மைதான், சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் வேலை கிடைக்க மாதக் கணக்கில் ஆகும், இங்கே பேபால் பல வருடமாகப் பணம் அனுப்ப மட்டும்தான் உதவியது, வாங்குவதற்குப் பெரும்பாலானவர்கள் பயோனியர் வழியேதான் எடுக்கிறார்கள்.

யாருக்கு: தானாகப் படிக்கிற குணம் இருந்து, பிழை சொல்ல ஓர் ஆளை வெளியில் தேடிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு. தனி வழியாக எடுப்பதை விட மற்ற மூன்றில் ஒன்றோடு சேர்த்தால் பலன் அதிகம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பிழை சொல்ல ஆள் | பெரிய செலவு | மொழி | கடைசியில் கையில் |
|---|---|---|---|---|
| அரச நிலையம் | போதனாசிரியரைப் பொறுத்து | லெப்டொப், பஸ் | நேரில் விசாரிக்க வேண்டும் | என்.வி.கியூ. |
| தனியார் டிப்ளோமா | நல்ல இடத்தில் நிறைய | கட்டணம், போர்டிங் | பெரும்பாலும் ஆங்கிலம், சிங்களம் | டிப்ளோமா, வேலைகள், தொடர்புகள் |
| அச்சகம் | தினமும் | குறைந்த சம்பளம் | தமிழ், சிங்களம் | அச்சான வேலைகள், பிறகு ஆர்.பி.எல். |
| யூடியூப் | நீங்களே தேட வேண்டும் | டேட்டா, லெப்டொப், நேரம் | எதுவும் | நீங்கள் செய்தது மட்டும் |

பல்கலைக்கழகத்தை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். இசட் ஸ்கோர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போங்கள். மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கட்புலக் கலை இருக்கிறது, மொறட்டுவையில் வடிவமைப்புக்கே பட்டம் இருக்கிறது, அதற்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் கதவு திறக்காதவர்களுக்கு.

இன்னொன்று, எந்த வழியில் போனாலும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, பெயர்ப்பலகையில் இருந்து பிஸ்கட் பெக்கெட் வரை மூன்று மொழியில் அச்சாகிறது, அதில் தமிழ் எப்படி இருக்கிறது என்று பஸ்ஸில் போகும்போதே பார்த்துச் சிரிக்கிறோம். தமிழைப் பிழையில்லாமல் அமைத்து, சிங்களத்தில் வாடிக்கையாளரோடு பேசி, ஆங்கிலத்தில் கோப்புக்குப் பெயர் வைக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கொழும்பில் வேலை இருக்கிறது. இந்த மூன்றும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே பாதி இருக்கிறது.

தங்கச்சிக்குச் சொன்னது இதுதான். அரச நிலையத்தில் சேருங்க, ஆனா சேரும் முன்னால் ஒரு நாள் போய் வகுப்பு நடக்கிறபோது வாசலில் நின்று பாருங்க, போன வருடப் பிள்ளைகள் செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்க, காட்டத் தயங்கினால் திரும்பி வந்துருங்க. சனிக்கிழமைகளில் டவுனில் ஓர் அச்சகத்தில் சும்மாவாவது போய் உட்காருங்க. ஓவியத்தை இரவில் விடாதீங்க. கொழும்பு டிப்ளோமாவை இரண்டு வருடம் கழித்துச் சொந்தச் சம்பளத்தில் யோசிக்கலாம்.

அனுப்பியிருந்த படங்களில் ஒன்றில் கொழுந்து பறிக்கிற அம்மா. முகம் அருமையாக வந்திருந்தது. முதுகில் கூடை நிறையக் கொழுந்து, ஆனால் தலையில் மாட்டிய கயிறு தொய்ந்து கிடந்தது, கூடைக்குக் கனமே இல்லை. அந்த இடத்தை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பி, அம்மாவைக் கூடையோடு நிற்க வைத்துப் பார்த்து இன்னொரு முறை வரையச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "அண்ணே, அம்மா இப்ப கூடை கட்டுறதில்ல, சாக்குத்தான்."

அதையே வரைங்க என்றேன்.